வரைந்து சொன்ன சாட்சியை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ச் சேருங்கள்: புலனாய்வு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், கொலை வழக்குகளைப் புலனாய்வு செய்யும் ஆய்வாளர்கள், உதவி ஆய்வாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பேச்சு வராத, ஆனால் பார்த்ததை வரையத் தெரிந்த ஒருவர் உங்கள் வழக்கில் இருந்தால், முதல் நாளிலிருந்தே அவரைச் சாட்சியாக நடத்துங்கள். துப்பு கிடைத்ததும் அவரை மறந்துவிடாதீர்கள். இதைக் கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

நான் ஒரு சிறப்பாசிரியர். பேசாத பிள்ளைகளுக்குப் படப் பலகை, டேப்லெட், பென்சில் என்று எது கைக்கு வசப்படுகிறதோ அதை வைத்து, மனதில் இருப்பதைச் சொல்லப் பழக்குவது என் வேலை. சென்னைப் புறநகரில் எங்கள் தெருவில் நடந்த ஒரு கொலையைத் துலக்கியதில் என்னிடம் படித்த ஒருவனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவன் பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் கைதானவரைப் பற்றியும் எதுவும் சொல்லமாட்டேன். எந்தக் காவல் நிலையம் என்பதும் இங்கே தேவையில்லை. வேறு எந்த நிலையமாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

தனியாக வசித்த ஒரு பாட்டி அவர் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டுக் கிடந்தார். கழுத்துச் சங்கிலியும் தோடும் காணவில்லை. போலீஸ் முதலில் அழைத்துப் போனது, பக்கத்துக் கட்டட வேலையில் இருந்த வடமாநில இளைஞர்களையும், பாட்டி வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்த எங்கள் தெருப் பையனையும். அந்தப் பையனின் அம்மா ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தெருவில் எல்லோரையும் விசாரித்தார்கள். எதிர்வீட்டு முதல் மாடியில் இருக்கும் தம்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை. "பேசவே மாட்டானே, அவன்கிட்ட என்னம்மா கேக்குறது?" என்று சொல்லிவிட்டு ஏட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தம்பிக்கு ஆட்டிசம். இருபது வயதைத் தாண்டியவன். தினமும் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து தெருவை வரைவான். கோடு போடாத நீள நோட்டில் ஒரு மாலைக்கு ஒரு பக்கம். தினசரி காலண்டரில் அன்றைக்குக் கிழித்த தாளைப் பக்கத்தின் மூலையில் ஒட்டிய பிறகுதான் பென்சிலையே எடுப்பான். வருடக்கணக்கான நோட்டுகள் அவன் வீட்டில் இருக்கின்றன. மனிதர்களுக்கு அவன் முகம் வரைவதில்லை, ஒரு கோட்டுருவம்தான். ஆனால் பொருள்கள் என்றால் கேட்கவே வேண்டாம். குடத்தின் நெளிவு, கேட்டில் துருப்பிடித்த கம்பி, சைக்கிளில் கழன்று தொங்கும் மட்கார்டு, எதையும் விடமாட்டான்.

சில நாள் கழித்து ஒரு பெண் உதவி ஆய்வாளர் அந்த வீட்டுக்கு வந்தார். மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்து, "இதைப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு நான் என்றும் நன்றி உடையவள். கொலை நடந்த நாளின் பக்கத்தில் பாட்டி வீட்டு வாசல் இருந்தது. பாதி அழிந்த காலைக் கோலம், இரண்டு பிளாஸ்டிக் குடம், எல்லாம் வழக்கம்போல. செருப்பு மட்டும் இரண்டு ஜோடி. முந்தைய பக்கங்களில் எல்லாம் பாட்டியின் ஒரு ஜோடிதான். புதிதாக வந்த ஜோடியில் இடது செருப்பின் வார் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. வேப்ப மரத்தடியில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல். அதற்கு வலது கண்ணாடி மட்டும்தான் இருந்தது, பின்னால் சுருட்டிக் கட்டிய ஒரு ஹோஸ் பைப்.

தெருமுனை மருந்துக்கடையின் சிசிடிவி பதிவு ஏற்கெனவே போலீஸ் கையில் இருந்தது. நடந்து போனவர்களை மட்டும் அதில் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு இடது கண்ணாடி இல்லாத எக்ஸெலைத் தேடினார்கள், கிடைத்தது. அதைத் தொடர்ந்து கைது, அடகுக்கடையில் நகை மீட்பு. குழாய் வேலைப் பையனும் அந்த வடமாநிலத்தவர்களும் வீடு திரும்பினார்கள். செய்யாத கொலைக்காக அவர்கள் இன்னும் எத்தனை நாள் அலைந்திருப்பார்களோ!

துப்புத் துலக்கும் கதை இங்கே முடிந்துவிடுகிறது. என் கவலை ஆரம்பிப்பதும் இங்கேதான்.

நோட்டை எடுத்துப் போனபோது ரசீது தரவில்லை. வீடியோவும் எடுக்கவில்லை. கோப்பில் சேர்ப்பதற்காகப் பஞ்ச் செய்தபோது, அந்த வார் அறுந்த செருப்பின் மேலேயே ஓட்டை விழுந்தது. படத்தின் நடுவில் வட்ட முத்திரை. அப்புறம், கைதானவரின் ஒரே ஒரு புகைப்படத்தைச் செல்பேசியில் தம்பியிடம் காட்டி "இவன்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். முகமே வரையாத ஒருவனிடம்! அம்மா சொன்னதை வைத்து எழுதிய வாக்குமூலத்தில், "அந்த நபர் பதற்றத்துடன் காணப்பட்டார்" என்று ஒரு வரி இருக்கிறது. தம்பி வரைந்த எந்தப் படத்திலும் பதற்றம் என்று ஒன்று இல்லை. அவன் வரைந்தது செருப்பு, வண்டி, பைப். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நல்ல வழக்கறிஞர் ஒருவர் முழு நோட்டையும் ஒதுக்கித் தள்ளிவிட முடியும். அப்படிச் செய்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

இது வெறும் பயம் இல்லை. ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை உங்கள் பயிற்சி வகுப்புகளில் வாசிக்க வைக்க வேண்டும். கணவன் கொல்லப்பட்டதை நேரில் பார்த்ததாகச் சொல்லப்பட்டவர் காது கேளாத, பேச இயலாத மனைவி. அவர் தகுதியான சாட்சிதான், அதில் சந்தேகமே இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் அவருடைய சைகைகளை விளக்கிச் சொன்னவர் அவருடைய தந்தை. அந்தத் தந்தைக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. சாட்சி என்ன சைகை செய்தார் என்பதைப் பதியாமல், அதற்குத் தந்தை சொன்ன விளக்கத்தை மட்டும் பதிந்திருந்தார்கள். பதிய வேண்டியது சைகையை, விளக்கத்தை அல்ல என்று சொன்ன உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை உறுதிசெய்தது. ஒரு பெண் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னது, பதிவு செய்த முறையாலேயே பலம் இழந்துபோனது. எங்கள் வழக்கில் தம்பியின் அம்மா சொன்னதை எழுதிய அந்த வாக்குமூலத்தை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் எந்தக் குறையும் வைக்கவில்லை. 1885லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தில், கழுத்தறுபட்டுப் பேச முடியாமல் கிடந்த ஒரு பெண், பெயர்களைச் சொல்லிக் கேட்கக் கேட்கக் கையசைத்துக் காட்டிய பதிலை மரண வாக்குமூலமாக ஏற்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். பேச இயலாத சாட்சி, புரியும்படியான வேறு எந்த வழியிலும் சாட்சியம் தரலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2013 திருத்தம், மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியும் வீடியோ பதிவும் கட்டாயம் என்று சேர்த்தது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 125ஆவது பிரிவு அதையே சொல்கிறது. ஆவணம் எது என்று விளக்கும் இடத்தில் இந்தச் சட்டம் தரும் உதாரணங்களில் கேலிச்சித்திரமும் ஒன்று. கேலிச்சித்திரமே ஆவணம் என்றால், காலண்டர் தாள் ஒட்டி வரைந்த தெருவின் படம் ஏன் ஆகாது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அவரவர் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியம் பதிவாக வசதி செய்ய வேண்டும் என்று அரசுக்குப் பொறுப்பு வைத்திருக்கிறது. பார்வையற்ற ஒரு பெண்ணின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தை மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்ததாகக் கருதக் கூடாது என்று தெளிவாகவே எழுதியது. ஆக, இல்லாத ஒன்றை நான் கேட்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். முதலில், அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவுப்படி, மாற்றுத்திறனாளியான சாட்சியை விசாரிக்க அவர் வசிக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும். வயர்லெஸ் இரைச்சலும் டியூப்லைட் ரீங்காரமும் தம்பி போன்றவர்களுக்குத் தாங்க முடியாத வலி. காக்கிச் சட்டை இல்லாமல் போனால் இன்னும் நல்லது.

அடுத்ததாக, அவர் தானாக வரைந்து வைத்திருந்த படமும் நீங்கள் கேட்டு வரைந்த படமும் ஒன்றல்ல. போலீஸ் வருவதற்கு முன்பே, அந்த நாளிலேயே வரைந்தது ஒரு பொருட்சான்று. அதைப் பறிமுதல் செய்யும்போது மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பறிமுதல் குறிப்பு) எழுதுங்கள், ரசீது கொடுங்கள், அதே சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு சொல்கிறபடி வீடியோ எடுங்கள். பஞ்ச் செய்யும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரையைப் பின்புறம் வையுங்கள். டேப்லெட்டில் வரைந்ததாக இருந்தால் மின்னணுப் பதிவுக்கான, சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழை மறக்காதீர்கள். நீங்கள் கேட்டு வரைய வைத்தது வேறு வகை. அது போலீஸிடம் தந்த வாக்குமூலத்தைப் போலப் பார்க்கப்படும், விசாரணையில் அதை ஆதாரமாக வைப்பது கடினம். கேட்டு வரைய வேண்டியது இருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் வரையட்டும்.

அதற்குத்தான் சன்ஹிதாவின் 183ஆவது பிரிவு இருக்கிறது. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிய வேண்டும். கொலையும் இதில் வருகிறது. சாட்சி மாற்றுத்திறனாளியாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருக்க வேண்டும், வீடியோவாகவும் பதிய வேண்டும். அப்படிப் பதிந்ததை முதல் விசாரணைச் சாட்சியமாகவே எடுத்துக்கொண்டு, குறுக்கு விசாரணை மட்டும் நடத்தவும் வழி இருக்கிறது. அதே கதையை மாதக்கணக்கு கழித்து, தெரியாத மனிதர்கள் நிறைந்த மன்றத்தில் மறுபடி முழுதாகச் சொல்ல வைக்கும் கொடுமை இல்லாமல் போகும். இத்தனை வசதி இருந்தும் ஏன் இதைப் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

அடையாளம் காட்டுவதற்கும் இப்படித்தான். சாட்சி மாற்றுத்திறனாளி என்றால் மாஜிஸ்திரேட் மேற்பார்வையில், சாட்சிக்கு வசதியான முறையில், வீடியோ பதிவோடு நடக்க வேண்டும் என்கிறது 54ஆவது பிரிவு. செல்பேசியில் ஒரு புகைப்படத்தைக் காட்டிக் கேட்ட நிமிடமே அந்த வாய்ப்பு கெட்டுப்போகிறது. தம்பி மாதிரி முகம் பார்க்காத ஒருவருக்கு ஆள் அடையாளமே வேண்டாம். பல செருப்புகளுக்கு நடுவில் அந்தச் செருப்பை வைத்து, பல வண்டிகளுக்கு நடுவில் அந்த வண்டியை நிறுத்திக் காட்டச் சொல்லலாம். எதைப் பார்க்கும் கண் அவருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில் எல்லாமே இருக்கிறது. "அந்த ஆளை வரை" என்றால் பல பிள்ளைகள் உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒன்றை வரைந்துவிடுவார்கள். "அன்னைக்குச் சாயங்காலம் தெருவை வரைப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டும் பதிலை நம்பிவிடாதீர்கள். கடைசியாகக் கேட்டதையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, எதற்கும் ஆமாம் என்பவர்கள் உண்டு. வரிசையை மாற்றி இன்னொரு தடவை கேட்டால் தெரிந்துவிடும். அவருடைய பென்சில், அவருடைய நோட்டு, அவர் உட்காரும் இடம். கேமரா, தாளையும் அவர் கையையும் உதவியாளர் கையையும் சேர்த்துக் காட்ட வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது.

உதவியாளர் என்றதும் ஒரு எச்சரிக்கை. எங்கள் துறையைச் சேர்ந்த நான் சொன்னால்தான் நம்புவீர்கள். பேசாதவர்களின் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்ய வைக்கும் முறை ஒன்று 1990களில் மேல்நாடுகளில் பரவியது. அப்படி வந்த வார்த்தைகளை நம்பிப் பெற்றோர்கள்மேல் பாலியல் குற்றச்சாட்டுகள்கூட எழுந்தன. பிறகு பிள்ளைக்கு ஒரு படத்தையும் உதவியாளருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, வந்த பதில்கள் உதவியாளர் பார்த்ததைப் பற்றியே இருந்தன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, தாங்கள்தான் நகர்த்துகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் அம்மாவோ ஆசிரியரோ யாராக இருந்தாலும் சாட்சியின் கையைத் தொடக் கூடாது. வழக்கின் விவரம் தெரிந்தவர் உதவியாளராக இருக்கக் கூடாது. எங்கள் வழக்கில் நானே தகுதியில்லாதவள், ஏனென்றால் பாட்டி எனக்கும் வேண்டியவர்.

படம் தப்பாகவும் இருக்கலாம். தினமும் நிற்கிற வண்டியைப் பழக்கத்தில் வரைந்திருக்கலாம். அப்படியே நம்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சோதியுங்கள் என்கிறேன். தம்பி விஷயத்தில் அது சுலபம். கொலைக்கு முந்தைய நாட்களின் பக்கங்களை எடுங்கள், அதே நாட்களின் மருந்துக்கடை சிசிடிவியோடு ஒப்பிடுங்கள். அவன் வரைந்த வண்டிகள் அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வந்தனவா? வந்தன என்றால் அவன் கண்ணுக்கும் கைக்கும் அதைவிடப் பெரிய அத்தாட்சி எந்த மருத்துவச் சான்றிதழும் தராது. கைதானவருக்கும் அதுதான் நியாயம்.

படத்தை நீதிமன்றம் மதிக்காது என்று சில அதிகாரிகள் நினைக்கிறார்கள். டெல்லியில் உறவினரால் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமி, நீதிமன்றத்தில் கையில் கொடுத்த தாளிலும் கிரேயான்களிலும் ஒரு படம் வரைந்தாள். ஆளில்லாத வீடு, பலூன் பிடித்த பெண் பிள்ளை, பக்கத்தில் கழற்றிப் போட்ட உடை. வழக்கின் மற்றச் சூழலோடு சேர்த்து நீதிபதி அந்தப் படத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். 2017இல் குற்றவாளிக்கு ஐந்து ஆண்டுத் தண்டனை கிடைத்தது. பார்ப்பதற்கு ஒரு நீதிபதி தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலேயே பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சு வராதவர்கள் படம் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் செயலி சென்னையில் உருவானதுதான். மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் அழைத்தால் வரக்கூடிய சிறப்பாசிரியர்கள், சைகை மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்றை நிலைய எழுத்தர் மேசையில் வையுங்கள். மோப்ப நாய்ப் படைக்கும் கைரேகைப் பிரிவுக்கும் போன் செய்கிற அதே காலையில் அவர்களுக்கும் ஒரு போன் போகட்டும்.

கடைசியாக, பாதுகாப்பு. தம்பி தினமும் ஒரே பால்கனியில், ஒரே நேரத்தில் உட்காருகிறவன். அவனுக்கு மிரட்டல் வந்தால் யாரிடமும் சொல்லத் தெரியாது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒன்றை அறிவிக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 398ஆவது பிரிவும் சொல்கிறது. சாட்சி கேட்டால்தான் பாதுகாப்பு என்று காத்திருக்காமல் புலனாய்வு அதிகாரியே விண்ணப்பம் போட வேண்டும். நீதிமன்றத்திலும், எளிதில் பாதிக்கப்படும் சாட்சிகளுக்கான தனி அறைகள் பேச்சு, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவைதான் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் விரிவுபடுத்தியிருக்கிறது. அந்த அறையை அரசு வழக்கறிஞர் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். அந்த அறைக்கு அவனை ஒருமுறை முன்னதாகவே அழைத்துப் போய்க் காட்டினால் அன்றைக்கு மிரளமாட்டான்.

எங்கள் வழக்கில் இன்னும் நேரம் இருக்கிறது. 183ஆவது பிரிவின்கீழ் தம்பியின் வாக்குமூலத்தைப் பதிய விண்ணப்பம் போடுங்கள். வழக்கோடு தொடர்பில்லாத சிறப்பாசிரியர் ஒருவரை வெளி மாவட்டத்திலிருந்து கூப்பிடுங்கள். நோட்டுக்கு இப்போதாவது ரசீது கொடுங்கள். பழைய நோட்டுகளைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறோம். முறைப்படி மகஜர் எழுதிக் கேட்டால் அன்றைக்கே ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
அந்தத் தெருவில் வசிக்கும் ஒரு சிறப்பாசிரியர்